சாந்தினி நட்ட பூசணியின் நிறை

என் மச்சாள் சாந்தினிக்கு, அன்போடும் தீராத களைப்போடும்,

உன் பூசணியை நிறுத்துவிட்டோம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு நீ என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். "காய் முத்தினாப் பிறகு நிறுத்துப் பார்த்து எனக்குச் சொல்லு மச்சாள். நான் எங்க இருந்தாலும் சொல்லு" என்றாய். நிறையை மட்டும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் பேனையை மூடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த நிறைக்கு நாங்கள் பட்ட பாட்டையும் நீ கேட்டாக வேண்டும்.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். சாந்தினி என் அண்ணாவின் மனைவி. அதற்கு முன்பே என் வகுப்புத் தோழி. சுவிஸில் இருக்கும் அவளுடைய தம்பி சொக்லட் பெட்டிக்குள் வைத்து அனுப்பிய பூசணி விதையைச் சித்திரையில் வீட்டுக்குப் பின்னால், ஆற்றங்கரையை ஒட்டிய மணலில் நட்டாள். வாவி என்று நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாலும் எங்களுக்கு அது ஆறுதான். அந்த இனத்துப் பூசணி ஆள் உயரத்துக்குக் கூட வளரும் என்று தம்பி சொன்னானாம். அவள் நம்பினாள். நான் சிரித்தேன்.

நடும்போதே உனக்கு வருத்தம் கண்டுபிடித்தாகிவிட்டது. ஒவ்வொரு கிளினிக்கிலும் உன்னை நிறை பார்க்கிற மெசினில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் முள் பின்னுக்குப் போகும். நீ இறங்கி வந்து செருப்பைக் கொழுவிக்கொண்டே, "என்ர நிறையைக் கேக்காத. காயிட நிறையைக் கேள். எங்கட வீட்டுல அது ஒண்டுதான் ஏறுது" என்பாய். பக்கத்தில் இருந்த நோயாளிகள் கூடச் சிரிப்பார்கள். நீ போன அன்று அந்தக் காய் ஒரு சருவச்சட்டி அளவுதான் இருந்தது.

உன் முப்பத்தோராம் நாள் முடிந்து சனம் கலைந்தது. அண்ணா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூசணிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுதான் அவருக்கு வேலை. காலையிலும் பின்நேரமும் கிணற்றில் அள்ளி ஊற்றுவார். கச்சான் காற்றும் வெயிலும் அடிக்கிற நேரம் உன் பூப்போட்ட குடையை விரித்துக் காய்க்கு மேலே கட்டுவார். கீழே மண் ஈரம் படாமல் வைக்கோலை மாற்றி மாற்றி வைப்பார். வயரிங் வேலைக்குக் கூப்பிட்டவர்களுக்குப் போனை எடுக்கவே இல்லை. பிறகு அவர்களும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

நான் என்ன செய்யலாம், சொல்லு? பள்ளிக்கூடம் விட்டு வந்து, என் மகளின் படிப்பைப் பார்த்து, சமைத்து, அதில் ஒரு பங்கைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் உங்கள் வீட்டுக்குப் போவேன். அண்ணா தலையை நிமிர்த்தாமல், "வை. மறுகாத் தின்னுறன்" என்பார். வைத்துவிட்டு வருவேன். மறுநாள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். தின்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் புஷ்பக்காதான் ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னார். "நீ கொண்டு வாற சோத்துல எங்கட கோழியெல்லாம் கொழுத்துப் போய் நடக்க ஏலாமக் கிடக்கு கா. நாளைக்குக் கொஞ்சம் முட்டைப் பொரியலும் வை, அதுகளுக்கு வாய்க்கு ருசியா இருக்கும்." அதற்குப் பிறகும் நான் சோற்றை வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

புரட்டாதி பிறந்ததும் பூசணியின் காம்பு காய்ந்து தக்கையாகிவிட்டது. அடியில் எறும்பு போகத் தொடங்கியது. இனி மழை வந்தால் அந்தத் தாழ்ந்த காணியில் தண்ணீர் நிற்கும், காய் அழுகும் என்று எனக்குத் தெரியும். அழுகினால் ஒரு காய் போகும், அவ்வளவுதானே என்று நீ கேட்பாய். இல்லை மச்சாள். நீ நாளுக்கு நாள் கரைந்ததை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். இதுவும் அவர் கண் முன்னாலேயே கரைந்தால் அந்தக் கதிரையிலிருந்து அவர் எழும்புவாரா என்பதுதான் என் பயம்.

"இன்னும் வளருது" என்றார் அண்ணா.

"காம்பு காஞ்சு போச்சு அண்ணா. எதால வளரும்?"

"உனக்கென்ன தெரியும்? நீ சரித்திரம் படிப்பிக்கிறாய்."

அதற்குப் பிறகுதான் உன் பெயரை எடுத்தேன். "சாந்தினி நிறை கேட்டவள். நான் ஓம் எண்டு சொன்னனான்" என்றேன். அவர் காயை ஒருதரம் தடவினார். பிறகு, "நிறுக்கத்தான். வெட்டுறது இல்ல. இந்தப் படலையால வெளிய கொண்டு போறதும் இல்ல" என்றார். அந்தப் படலையால் உன்னை அம்புலன்சில் ஏற்றும்போது, பின்நேரம் வந்துவிடுவேன் என்று நீ அவருக்குச் சொல்லிவிட்டுப் போனது எனக்கு ஞாபகம் வந்தது.

படலையைத் தாண்டக் கூடாதென்றால் சந்தையில் இருக்கிற பெரிய தராசு இல்லை. நெல் மூடை நிறுக்கிற இடம் இல்லை. என்னிடம் இருந்தது எங்கள் வீட்டு ஆள் நிறுக்கிற மெசின் மட்டும்தான். அதைக் கொண்டுபோனேன். புஷ்பக்காவின் மகன்மார் இரண்டு பேரும், அவர்களுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும், அண்ணாவும் சேர்ந்து காம்பை அறுத்து, காயைப் படங்கு விரிப்பில் உருட்டி ஏற்றித் தூக்கி மெசினில் வைத்தார்கள். மெசினே தெரியவில்லை. முள் எங்கே நிற்கிறதென்று பார்க்க நான் மணலில் குப்புறப் படுத்துக் கைபேசியை உள்ளே விட்டுப் படம் எடுத்தேன். படத்தில் வைக்கோலும் ஒரு எறும்பும் இருந்தன. காயின் வயிறு நாலு பக்கமும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மெசினுக்கு மேல் பலகை வைத்தும் பார்த்தோம். காய் மெல்லச் சரிந்து உருண்டு போய்ப் புஷ்பக்காவின் காலடியில் நின்றது. "எங்கட வீட்டுக்கு வாறதுக்கு அதுக்கே விருப்பம்" என்றார் அவர்.

அடுத்தது மீன்காரர்கள் தொங்கவிட்டு நிறுக்கிற தராசு. மாமரக் கிளையில் கட்டி, காயைப் பழைய வலைக்குள் போட்டு மூன்று பேர் உயர்த்தினார்கள். ஐம்பதுக்கு மேல் அந்தத் தராசில் இலக்கமே இல்லை. கை எடுக்க முன்னமே முள் கடைசிக்குப் போய் முட்டி நின்றது, கிளையும் முனகியது. அண்ணா, "இறக்கு, இறக்கு" என்று கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசியதை நான் வெகுநாளைக்குப் பிறகு கேட்டேன்.

அளவு நாடாவால் சுற்றளவு எடுத்து இணையத்தில் பார்த்து நிறை சொல்கிற முறையும் இருக்கிறது. அதையும் செய்தேன். அண்ணா கேட்கவே மாட்டேன் என்றார். "அவள் நிறை கேட்டவள். மட்டுக்கணக்குக் கேக்கேல்ல." பிறகு கதிரையில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று, "தோணி" என்றார்.

"என்ன தோணி?"

"காயைத் தோணியில வைப்பம். எவ்வளவுக்குத் தாழுது எண்டு கீறுவம். மறுகாக் காயை இறக்கிப்போட்டு, நிறை தெரிஞ்ச சாமானை ஏத்துவம். அதே கீறலுக்குத் தாழ்ந்தா அதுதான் நிறை. தோணி கிடக்கிறது எங்கட வளவுக்குள்ள. படலையைத் தாண்டத் தேவையில்ல."

நீ போன பிறகு அவர் முதல் முறையாகச் சேர்ந்தாற்போலப் பேசிய வார்த்தைகள் அவை. நான் உடனே காத்தான்குடி ஹனீபா நானாவுக்குப் போன் எடுத்தேன். உனக்கென்று வண்டு விழாத அரிசியைக் கடையில் தனியே எடுத்து வைப்பாரே, அவர்தான். விசயத்தைச் சொன்னதும், "நம்மட சாந்தினிட காயா? இருங்க டீச்சர், நானே வாறன்" என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து கிலோ அரிசி பேக்குகளையும் ஒரு பெட்டி ஒரு கிலோச் சீனிப் பக்கெட்டுகளையும் லேண்ட்மாஸ்டர் டிராக்டர்ப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டி வந்தார். இறங்கிப் பூசணியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "அல்லாஹ்வே, இது காயா, வளவுக்குள்ள கட்டின இன்னொரு வீடா?" என்றார்.

காற்று விழுந்திருந்த காலை நேரம். ஆறு கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பெடியன்மார் காயைப் படங்கோடு தூக்கித் தோணியின் நடுவில் இறக்கினார்கள். தோணி ஆடியது, காய் ஒரு பக்கம் சரியப் பார்த்தது. அண்ணா பாய்ந்து ஏறி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இனிச் சரி. கீறு தங்கச்சி, கீறு!" நான் உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தண்ணீர் தொட்ட இடத்தில் ஆணியால் இரண்டு பக்கமும் கீறினேன். நானா கரையில் நின்று, "கொஞ்சம் மேல, டீச்சர். சரி. சரி" என்று சரி பார்த்தார்.

காயை இறக்கினார்கள். அண்ணாவும் இறங்கினார். அரிசி பேக் ஒவ்வொன்றாக ஏறியது. ஐந்து ஏற்றியும் கீறல் தண்ணீருக்கு மேலே இருந்தது. அதற்குப் பிறகு நானா சீனிப் பக்கெட்டை ஒவ்வொன்றாக வைத்தார், குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல. ஆறாவது பக்கெட்டுக்குக் கீறலும் தண்ணீரும் ஒன்றாகின.

"நூத்தி முப்பத்தொண்டு!" என்றார் நானா. பெடியன்மார் விசில் அடித்தார்கள். அண்ணா சிரித்தார், மச்சாள். பல் தெரியச் சிரித்தார். போதும், இதோடு எல்லாம் சரியாகிவிட்டது, நான் வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுவதும் படுத்துத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

புஷ்பக்காதான் கையை உயர்த்தினார். "நில்லுங்க, நில்லுங்க. காயோட தோணிக்குள்ள குந்தியிருந்தது ஆரு? பேயா?"

ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம். கீறின நான், சரி பார்த்த நானா, தோணி யோசனையைச் சொன்ன அண்ணா, ஒருவருக்குக்கூட அது படவில்லை. அண்ணா தன்னைக் கணக்கில் எடுக்கவே இல்லை. நாங்களும் எடுக்கவில்லை.

திரும்பவும் காயை ஏற்ற முடியாது. பெடியன்மாருக்குக் கை விட்டுப்போய்விட்டது. "என்னத்துக்கு ஏத்துவான்? என்ர எழுபதைக் கழிச்சு விடுங்க" என்றார் அண்ணா.

"எழுபதாம்" என்றார் புஷ்பக்கா. "கலியாணத்துக்கு முதல் நிறுத்த நிறையைச் சொல்லுறான் தம்பி."

அப்போதுதான் நான் அவரைப் பார்த்தேன். ஈரச் சேட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. சாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகியிருந்தார். தினமும் பார்க்கிற உடம்பை நான் ஏன் பார்க்காமல் விட்டேன்? மெசினைத் தூக்கிக்கொண்டு வந்து சீமெந்துத் தரையில் வைத்தேன்.

"எனக்கு என்னத்துக்கு?" என்று பின்னால் போனார்.

"உங்களுக்கில்ல. காய்க்கு. சாந்தினிக்குப் பிழையான கணக்கைச் சொல்லச் சொல்லுறீங்களா?"

அதற்குத்தான் ஏறினார். தனக்கென்றால் ஏறியிருக்க மாட்டார். முள் நாற்பத்தெட்டில் நின்றது.

"மெசின் பிழை" என்றார் அண்ணா. "நேத்துக் காயை ஏத்தினதுல உடைஞ்சு போச்சு."

ஹனீபா நானா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பார்த்தார். "கிழமைக்கு ரெண்டு தரம் கடைத் தராசுல நான் ஏறிப் பாக்கிற. எம்பத்தாறு. இதுவும் எம்பத்தாறுதான் காட்டுது" என்றார் மெதுவாக. "மெசின்ல பிழை இல்ல தம்பி."

நான் மனதுக்குள் கழித்தேன். மச்சாள், உன் பூசணி எண்பத்து மூன்று கிலோ. அலையும் கண்ணும் செய்த பிழையால் இரண்டு மூன்று முன்னே பின்னே இருக்கும் என்றார் நானா. எண்பத்து மூன்று என்றே நீ வைத்துக்கொள். உன் தம்பிக்கும் அப்படித்தான் சொன்னேன். அவனுக்கு நம்ப முடியவில்லை.

அண்ணா சொன்ன எழுபதைக் கழித்திருந்தால் காய்க்கு அறுபத்தொன்றுதான் வந்திருக்கும். மிச்சம் இருபத்திரண்டும் அவரில் இருந்து குறைந்தது. அவர் தன் உடம்பிலிருந்து இழந்தது அத்தனையும் உன் காயின் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்தக் கணக்கை நான் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது போல இருந்தது. ஒருவரும் விசில் அடிக்கவில்லை.

அண்ணா மெசினிலிருந்து இறங்கி, தோணியின் விளிம்பில் போய்க் குந்தினார். நான் பக்கத்தில் போனேன். "அவளை நிறுக்கேக்க நான் அங்கால கிறுகி நிப்பன் தங்கச்சி" என்றார். "முள்ளைப் பாக்க மாட்டன். ஒருநாளும் பாக்கேல்ல." அதற்குப் பிறகு அழுதார். நீ போன அன்றும் அழாத மனிதர். நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார். புஷ்பக்கா பெடியன்மாரை, "என்ன பாத்துக் கொண்டு நிக்கிறீங்க, அரிசியை இறக்குங்க" என்று அதட்டினார்.

நீ தெரிந்துதான் இதைக் கேட்டாயா, சாந்தினி? இவ்வளவு பெரிய காயை நிறுக்க வேண்டுமென்றால் இந்த மனிதர் கதிரையை விட்டு எழும்ப வேண்டும், நாலு பேரைக் கூப்பிட வேண்டும், தோணியில் ஏற வேண்டும் என்று யோசித்தாயா? அல்லது எல்லாம் நானாகக் கட்டிக்கொள்கிற கதையா? நீ இருந்தால், "எனக்கு நிறைதான் வேணும், உன்ர தத்துவம் இல்ல" என்பாய். அதுவும் சரிதான்.

காயை வெட்டினோம். வெட்டுவதில்லை என்று சொன்னவர்தான் மரம் அரிகிற வாளை எடுத்து வந்தார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. சதை வெளிறின மஞ்சளாக, தண்ணீர்ப் பதமாக இருந்தது. புஷ்பக்கா பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார். நானாவுக்கு லேண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி விட்டோம். அன்று மத்தியானம் உன் குசினியில், உன் சட்டியில், தேங்காய்ப் பால் விட்டுக் கறி வைத்தேன். பெரிய ருசி இல்லை, மச்சாள், உண்மையைச் சொல்கிறேன். பெருத்ததால் இனிப்புக் குறைந்துவிட்டது. அண்ணா அரைக் கோப்பைச் சோறு தின்றார். "உப்புக் காணாது" என்றார். நான் எழும்பி உப்பு எடுத்து வந்தேன்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதே. நேற்றுப் போனபோது காய் கிடந்த வெறும் வைக்கோலுக்குப் பக்கத்தில் கதிரை இன்னும் கிடந்தது, அவரும் இருந்தார். ஆனால் யாரோ ஒருவரின் வீட்டுக்கு லைட் போட வரச் சொல்லியிருக்கிறார்கள், போகலாமா என்று என்னிடம் கேட்டார். போங்க என்றேன். போவாரோ தெரியாது.

எனக்கும் ஏலாமல்தான் இருக்கிறது. பின்நேரங்களில் ஸ்கூட்டியைத் திருப்பும்போது, ஒரு நாளைக்கு இந்தப் பக்கம் வராமல் விட்டால் என்ன என்று மனம் கேட்கும். அண்ணாவைப் பார்த்துக்கொள் என்று நீ என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்த நேரம் நான் பெரிதாகத் தலையாட்டியிருப்பேன், இந்நேரம் உன்மேல் கோபமும் வந்திருக்கும். நீ கேட்காததால் இதை என் பாட்டில் சொல்கிறேன். இனிச் சோற்றைக் கட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரமாட்டேன். இரண்டு பேருக்கும் கட்டிக்கொண்டு போவேன். அவர் முன்னால் உட்கார்ந்து நானும் தின்பேன். கோப்பை வெறுமையாகும்வரை எழும்ப மாட்டேன், அவர் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி.

உன் மச்சாள்,
ராசனின் தங்கச்சி
தேவி